கார்டு போட்டால் இரண்டு பீப்

செவ்வாய்க்கிழமை காலை அக்கா லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் நீள வாயில் கார்டைச் செருகிவிட்டுக் காத்திருந்தாள். வழக்கமாக இரண்டு பீப் வரும். முதல் பீப் வந்தால் என்ன கார்டு என்று லேப்டாப்புக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது வந்தால் இனி அதில் எழுதலாம், படிக்கலாம். இரண்டாவதுக்குப் பதில் தொண்டை கட்டியவன் கனைப்பது போல ஒரு சத்தம் வந்தால் ஏதோ கோளாறு. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது பாடம். ரொட்டி வண்டி ஓட்டிவிட்டு வந்து மத்தியானம் தூங்கும் அத்தான்கூட, இரண்டு பீப் கேட்டால் திரும்பிப் படுப்பார்; ஒன்றோடு நின்றால் ஒரு கண்ணைத் திறப்பார்.

அன்று ஒன்றுகூட வரவில்லை.

“டேய், இங்க வா. இது ஏன் ஊமையா இருக்கு?”

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரை இருந்ததால் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. யோசித்தும் பயனில்லை. முந்தின நாள் வரை அந்த லேப்டாப்பை ‘மேம்படுத்தி’க்கொண்டிருந்தவன் நான்தான் என்பது அக்காவுக்கும் தெரியும்.

“உருவிட்டு மறுபடி போட்டுப் பாரு.”

“போட்டாச்சு. பல தடவ போட்டாச்சு.”

“தலைகீழா ஏதும்...”

“இந்த கார்ட நீ பாக்கறதுக்கு முன்னாலேர்ந்து நான் போட்டுட்டிருக்கேன்டா.”

அக்கா பகலில் ஒரு சலவைக் கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். மீதி நேரம் எங்கள் பின்னறையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய எம்பிராய்டரி மெஷினோடு இருப்பாள். மெஷின் மிகப் பழசு. என்ன படம் தைக்க வேண்டும் என்பதை அதனிடம் சொல்ல ஒரே வழி, லேப்டாப்பிலிருந்து படத்தை இந்தத் தடித்த கார்டில் ஏற்றி, கார்டைக் கொண்டுபோய் மெஷினில் செருகுவது. நீச்சல் கிளப் ஒன்று தன் அணியின் ஜாக்கெட்டுகளை அவளிடம் கொடுத்திருந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் கிளப்பின் சின்னம், அலையிலிருந்து எம்பும் மீன், தைக்க வேண்டும். சனிக்கிழமை காலை போட்டி. இந்த வேலை சரியாகப் போனால் இனி கிளப்பின் துணிகளெல்லாம் உங்களுக்குத்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் சலவைக் கூடத்தை விட்டுவிடலாம். அங்கே நீராவியில் வெந்து வெந்து அவளுடைய முன்கைகள் எப்போதும் இரண்டு வெவ்வேறு நிறத்தில் இருக்கும்.

மீன் லேப்டாப்பில் இருந்தது. ஜாக்கெட்டுகள் பின்னறையில் இருந்தன. நடுவில் நான் இருந்தேன்.

“வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள மீன் மெஷினுக்குள்ள போயிடணும். அதுக்கு மேல போனா தச்சு முடிக்க முடியாது. உன்னால முடியுமா, முடியாதா? இப்பவே சொல்லிடு” என்றாள்.

“முடியும்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்காத. சொல்லு.”

என்னால் சொல்ல முடியவில்லை. பிரச்சினையே அதில்தான் ஆரம்பித்தது.

நான் மாலை வகுப்பில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் படிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் இந்த லேப்டாப் வைரஸ் பிடித்து, பொத்தானை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம் என்ற நிலையில் கிடந்தது. மருத்துவம் படிப்பவனுக்கு வீட்டிலேயே ஒரு நோயாளி கிடைத்தால் விடுவானா? எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தேன். நன்றாக ஓடியது. கார்டு போட்டால் இரண்டு பீப் வந்தது. அத்தோடு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

போன வாரம் வகுப்பில் கர்னல் பாடம் வந்தது. கர்னல் என்பது இயங்குதளத்தின் அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டு திரை, விசைப்பலகை, வட்டு, கார்டு என்று ஒவ்வொரு சாதனத்தோடும் அதனதன் பாஷையில் பேசும் பகுதி. எல்லாப் பாஷையும் தெரிந்த கர்னல் குண்டாக இருக்கும். நம் கணினிக்கு வேண்டிய பாஷைகளை மட்டும் கற்றுக்கொடுத்து ஒல்லியாக ஒன்றை நாமே தயாரிக்கலாம். அதற்கு முன்னால் அது நம்மிடம் ஆயிரக்கணக்கில் கேள்வி கேட்கும். இந்தச் சாதனத்துக்கு ஆதரவு வேண்டுமா? ஆம், இல்லை. அந்தச் சாதனத்துக்கு? ஆம், இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் உதவிக் குறிப்பு. அந்தக் குறிப்பும் புரியாதவர்களுக்காகக் கடைசியில் ஒரு வரி: உறுதியாகத் தெரியாவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லுங்கள்.

நான் வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, பாதியில் திரும்பி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பவன். மருந்துக் கிடங்கில் பெட்டிகளின் காலாவதித் தேதி பார்ப்பதுதான் என் வேலை. அங்கே இந்தக் குணத்துக்கு நல்ல பெயர். மற்ற இடங்களில் இல்லை. ‘உனக்கு ஒன்றும் தெரியாது, பரவாயில்லை, இல்லை என்று சொல்லிவிட்டுப் போ’ என்று இவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. முதலில் ஒவ்வொரு குறிப்பையும் முழுதாகப் படித்தேன். பிறகு கடைசி வரியை மட்டும் படித்தேன். கடைசி வரிகள் ஒன்றுக்கொன்று கூடப்பிறந்தவை போல இருந்ததால் பிறகு அதையும் விட்டுவிட்டு, சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ‘இல்லை’ போட்டேன். எல்லா இடத்திலும் சந்தேகம் வந்தது.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் குறிப்பைத் திறக்காமலே நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன். கட்டளையைத் தப்பாக அடிக்கும்போதெல்லாம் லேப்டாப் ‘டொய்ங்’ என்று காட்டிக்கொடுக்கும். கட்டிலில் படுத்திருக்கும் அத்தான் உடனே, “இன்னொண்ணு” என்பார். நாள் முழுக்கக் கூட்டி, சாப்பிடும்போது மொத்தத்தைச் சொல்வார். கணினியின் சின்ன ஒலிபெருக்கிக்கு ஆதரவு வேண்டுமா என்று கர்னல் கேட்டது. வேண்டவே வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து நான் எவ்வளவு தப்பாக அடித்தாலும் வீடு அமைதியாக இருந்தது. எனக்கு லினக்ஸ் கைவந்துவிட்டது என்றுகூட ஒரு எண்ணம் வந்தது.

கர்னல் தயாரானதும், வட்டில் இடம் அடைக்கிறதே என்று பழைய கர்னலை அழித்தேன். எனக்குச் சுத்தம் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை உட்கார்ந்து பார்த்தபோதுதான் நான் செய்து வைத்திருப்பதன் முழு அழகும் தெரிந்தது. கார்டு வாய்க்கு ‘இல்லை’. இணையத்தில் தேடிப் பார்க்கலாம் என்றால், இந்த லேப்டாப்பில் இணையமும் அதே வாயில் செருகும் இன்னொரு கார்டு வழியாகத்தான் வரும். பென் டிரைவ்? அதற்கும் ‘இல்லை’. சிடி டிரைவ் நான் கை வைக்கும் முன்பே செத்துப்போனது. அந்த ஒரு பழி மட்டும் என்மேல் இல்லை. வேறு யாரிடமாவது இந்த வாய் உள்ள லேப்டாப் இருக்குமா என்று விசாரித்தேன். இப்போது வருவதில் அதெல்லாம் கிடையாதே என்றார்கள். தனியாக ஒரு கார்டு ரீடர் தபாலில் வரவழைக்கலாம். அடுத்த வாரம் வரும்.

வீட்டின் ஒரே கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே நின்று அதற்கு வெள்ளையடித்திருக்கிறேன்.

புதன்கிழமை லேப்டாப்பை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடக்கிறது. எந்தப் பாடமானாலும் ரப்பர் வாசனையோடுதான் மண்டையில் ஏறும். வாத்தியார் என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர். யார் என்ன கேட்டாலும் முதலில் ஒரே வைத்தியம் சொல்வதால் ரீபூட் சார் என்று பெயர். எனக்குப் பக்கத்து இருக்கை, பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை செய்யும் ஒரு பெண்மணி. பல்லக்கா என்றால் கோபிக்க மாட்டார்.

“ரீபூட் பண்ணிப் பாத்தீங்களா?” என்றார் சார்.

“பண்ணேன் சார்.”

“அப்ப பழைய கர்னல்ல ஏறி வந்து கார்ட பாருங்க. அதுல வேல செஞ்சுதுல்ல?”

“பழைய கர்னல் இல்ல சார்.”

“ஏன், எங்க போச்சு?”

“அழிச்சுட்டேன்.”

வகுப்பில் விசைகள் தட்டுவது நின்றது. சார் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

“புதுப் பல் வைக்கறதுக்கு முன்னாடியே இருக்கற பல்ல எல்லாம் பிடுங்கிட்டியா தம்பி?” என்றார் பல்லக்கா.

“புதுசு வச்சுட்டுத்தான்கா பிடுங்கினேன்.”

“கடிச்சுப் பாத்தியா?”

பார்க்கவில்லை.

சார் என் இருக்கையில் உட்கார்ந்து கேள்விப் பட்டியலைத் திறந்தார். கீழே போகப் போக அவர் புருவம் மேலே போயிற்று. ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. “உங்க வீட்ல மௌஸ் இருக்குதானே?” என்று ஒரு முறை கேட்டார். பிறகு கார்டு வாய் பற்றிய கேள்வியில் நிறுத்தி, உதவிக் குறிப்பைத் திறந்து, என்னைப் படிக்கச் சொன்னார்.

படித்தேன். கடைசி வரி வந்தது. உறுதியாகத் தெரியாவிட்டால் ‘ஆம்’ என்று சொல்லுங்கள்.

“ஆம்னு போட்டிருக்கு சார்.”

“ஆமா. ஆம்னுதான் போட்டிருக்கு.”

“மத்ததுல எல்லாம் இல்லைனுதான்...”

“மத்ததுல இல்லைன்னா இதுலயும் இல்லையா? ஒவ்வொண்ணா படிக்கத்தானே ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்கான்.”

கர்னலுக்குத் தெரியும், சந்தேகப்படுகிறவனுக்கும் சில இடங்களில் ‘ஆம்’ தேவைப்படும் என்று. எனக்குத்தான் தெரியவில்லை.

சார் எதையெதைத் திருப்பிப் போட வேண்டும் என்று சொன்னார். கார்டு வாய்க்குப் பொதுவான ஆதரவு ஒன்று. அந்த வாயை லேப்டாப்பின் உள்வழியோடு இணைக்கும் பாலச் சில்லு ஒன்று. பிறகு கார்டு வகை: புது ரகம், பழைய ரகம் என்று இரண்டு உண்டு, அக்காவுடையது பழைய ரகம். கடைசியாக, கார்டை ஒரு குட்டி வட்டு போல நடத்தத் தெரிய வேண்டும். கர்னலைத் தயாரிக்கத் தேவையான மூல நிரலெல்லாம் லேப்டாப்பிலேயே இருந்ததால் வெளியிலிருந்து எதுவும் வேண்டியதில்லை. “பயப்படாதீங்க, சரியாயிடும். ஆனா இந்தத் தடவ...” என்று ஆரம்பித்தார்.

“இருக்கற கர்னல அழிக்க மாட்டேன் சார்.”

“அதுவும்தான். கேள்விய படிங்கன்னு சொல்ல வந்தேன்.”

பழைய லேப்டாப்பில் கர்னல் தயாராவது பெரிய பானையில் பருப்பு வேகிற மாதிரி. அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து பதில்களை மாற்றி, ஓட விட்டுவிட்டுப் படுத்தேன். வியாழன் காலை எழுந்தபோது தயாராக இருந்தது. அக்கா வேலைக்குக் கிளம்பும் புடவையோடு வந்து நின்றாள். அத்தான் வண்டிக்குப் போய்விட்டதால் கேலிக்கு ஆளில்லை.

நான் இந்த மாதிரி நேரத்தில் வரிசை போட்டுத்தான் எதையும் செய்வேன். கார்டைச் செருகு. பீப் வருகிறதா பார். வந்தால் கார்டைத் திற, மீனை ஏற்று. வராவிட்டால் கார்டை உருவு, லேப்டாப்பை நிறுத்து, பதில்களை மறுபடி பார். இப்படி நாலு வரி மனதில் எழுதிக்கொண்டுதான் கார்டைக் கையில் எடுத்தேன்.

செருகினேன். வரவில்லை. உருவினேன்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். “சாப்பாடு மேஜை மேல இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கிடங்கில் இருமல் மருந்துப் பெட்டிகளின் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. எழுந்த கர்னல் என்று தயாரானது என்று நான் தேதி பார்க்கவே இல்லையே? புதுக் கர்னலைத் தயாரித்தால் மட்டும் போதாது. லேப்டாப் எழும்போது எதை எழுப்ப வேண்டும் என்று சொல்லும் சின்ன நிரலிடமும் போய், இனி இதை எழுப்பு என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. காலையில் நாங்கள் இருவரும் முந்தைய ஊமைக் கர்னலின் முன்னால்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

மாலை ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். நிரலிடம் சொன்னேன். மறுபடி எழுப்பினேன். தேதி பார்த்தேன், புதுசு. பூட்டை இழுத்துப் பார்ப்பது போல இன்னொரு முறையும் பார்த்தேன், புதுசுதான். கார்டைச் செருகினேன்.

வரவில்லை.

“என்ன மச்சான், கார்டு மௌன விரதமா?” என்று கட்டிலிலிருந்து அத்தான் கேட்டார்.

“இன்னும் ஏதோ ஒண்ணு குறையுது அத்தான்.”

“உன் பதில்ல எப்பவும் ஏதோ ஒண்ணுதான் குறையும். அந்த ஒண்ணு என்னன்னு மட்டும் தெரியாது.”

உருவினேன், நிறுத்தினேன், பதில்களைப் பார்த்தேன். பாலச் சில்லு வேறு கம்பெனியுடையதாக இருக்குமோ என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் ‘ஆம்’ போட்டேன். இந்த முறை மாற்றிய பகுதி மட்டும் வெந்தால் போதும் என்பதால் சீக்கிரம் முடிந்தது. செருகினேன். வரவில்லை. புது ரகக் கார்டுக்கும் ‘ஆம்’ போட்டேன். வரவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு கார்டைத் தூங்க வைக்கிறதோ என்று அதை நிறுத்தினேன். அடுத்ததாக, இந்த லேப்டாப்பில் இல்லவே இல்லாத சாதனங்களுக்கெல்லாம் ‘ஆம்’ சொல்ல ஆரம்பித்தேன். திங்கட்கிழமை வரை எதற்கும் சம்மதிக்காதவன், வியாழக்கிழமை கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். எதற்கு ஆட்டுகிறேன் என்பது மட்டும் இரண்டு நாளும் எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டேன். அக்காவும் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள், தைக்க. மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, நீலமும் வெள்ளியும் நூல் கோத்து, முதல் ஜாக்கெட்டைச் சட்டத்தில் இறுக்கி வைத்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னறையிலிருந்து அவள் நாற்காலி எழுப்பும் கிறீச் சத்தம் வரும்போதெல்லாம் நான் இன்னொரு கேள்விக்கு ‘ஆம்’ சொன்னேன்.

அத்தான் வண்டியை விட்டுவிட்டு வந்தார். காலணியைக் கழற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். கேலி எதுவும் செய்யாமல் உள்ளே போனார். எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது.

கடைசி கர்னல் எழுந்தது. நான் கறுப்புத் திரையில் கட்டளைகளோடே வேலை செய்துகொண்டிருந்தேன். படங்களும் ஜன்னல்களும் உள்ள வழக்கமான திரை பின்னால் எங்கோ இருந்தது. இரண்டு நாளாக அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. கற்றவர்கள் கறுப்புத் திரையில்தான் வேலை செய்வார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன்.

கார்டைச் செருகினேன்.

நானும் காத்திருந்தேன், பின்னறையில் நாற்காலியும் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை.

அக்கா எழுந்து வந்தாள். “எந்திரி” என்றாள்.

“அக்கா, இன்னும் ஒரு மணி நேரம்...”

“போதும்டா. கிளப்புக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன். நாளைக்குக் காலைல போய் நின்னு கையப் பிசையறதுக்கு இப்பவே சொல்லிட்டா அவங்க வேற யாரையாவது பாத்துப்பாங்க. அந்த நம்பர் இதுலதான் இருக்கு. தள்ளு.”

நாற்காலியோடு நகர்ந்தேன். வரிசைப்படி கார்டை உருவியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததில் மறந்துவிட்டேன். அவள் நான் முன்பு சொல்லிக்கொடுத்தபடி மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி வழக்கமான திரைக்குப் போனாள். நம்பர் எழுதிய கோப்பைத் திறந்தாள். கைபேசியில் நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். மணி போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருக்கும்போதே கோப்பை மூடினாள்.

கோப்புக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், ஒரு சின்னக் கார்டின் படம் இருந்தது.

“வணக்கம் சார். உங்க ஜாக்கெட்டு தைக்கிறேன்ல, நான்தான் பேசறேன். அந்த ஜாக்கெட்டு விஷயமா...” என்று ஆரம்பித்து அவள் நின்றாள். படத்தின்மேல் அம்பைக் கொண்டுபோய் இரண்டு முறை தட்டினாள். கார்டு திறந்தது. போன மாதம் அவள் தைத்த மழலையர் பள்ளி வாத்துகள் வரிசையாக உள்ளே நின்றன.

“டேய்!”

நான் நாற்காலியோடு பின்னால் போனேன்.

“ஐயோ, இல்ல சார், உங்கள இல்ல. இங்க தம்பிய சொன்னேன்.” அவள் என்னைப் பார்த்த பார்வைக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. “ஒண்ணுமில்ல சார். நாளைக்கு எத்தன மணிக்குக் கொண்டு வரணும்னு கேட்டுக்கலாம்னுதான் கூப்பிட்டேன். சரி சார். வந்துடறேன் சார்.”

கைபேசியை வைத்துவிட்டு, மீனைப் பிடித்து இழுத்து வாத்துகளுக்குப் பக்கத்தில் போட்டாள். கார்டை உருவிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். சிறிது நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அந்தக் கடகடவில் தரை லேசாக அதிரும். கீழ் வீட்டுக்காரர்கள் பல முறை புகார் சொன்ன அதிர்வு. எனக்கு அது அன்று தாலாட்டு போல இருந்தது.

நான் கறுப்புத் திரைக்குத் திரும்பி, கர்னல் தானாகக் குறித்து வைக்கும் குறிப்புகளைத் திறந்தேன். புத்தியுள்ளவன் முதலில் அதைத்தான் திறந்திருப்பான். என் நாலு வரியில் அது இல்லை. வியாழன் மாலை, சரியான கர்னல் முதல்முறை எழுந்தபோதே, கார்டு வந்தது என்று எழுதியிருந்தது. அடுத்த வரியிலேயே, கார்டு போனது. அப்புறம் கார்டு வந்தது. கார்டு போனது. வந்தது. போனது. அதுவும் என்னைப் போலவே பொறுமையாகத்தான் எழுதியிருந்தது.

அத்தான் கதவருகே வந்து நின்றார்.

“அப்ப இது எப்ப சரியாச்சு?”

“நேத்து சாயங்காலமே.”

“இன்னைக்குக் காலைலேர்ந்து என்ன பண்ணிட்டிருந்தே?”

“சரியா இருந்தத சரி பண்ணிட்டிருந்தேன்.”

“அந்தப் பீப் ஏன் வரல?”

இந்தக் கேள்விக்கு எனக்கு உறுதியாகப் பதில் தெரிந்தது. அதனால்தான் சொல்ல நாக்கு எழவில்லை. கார்டின் பீப்பும், என் தப்புகளுக்கு அடித்த டொய்ங்கும் ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வருபவை. அந்த ஒலிபெருக்கியின் கழுத்தைத்தான் நான் நெரித்திருக்கிறேன். மொத்தக் கேள்வித்தாளிலும் நான் துணிச்சலாக எழுதிய ஒரே பதில் அதுதான். அது தப்பாக இருக்கும் என்ற சந்தேகம் ஒரு முறைகூட வராததால், திருப்பிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

சொன்னேன். அத்தான் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். சிரித்து முடிக்க அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

“அதாவது, நான் எண்ணக் கூடாதுன்னு நீ மணிய கழட்டிட்ட.”

“ஆமா அத்தான்.”

“கழட்டின மணி அடிக்குமான்னு ரெண்டு நாளா காத வச்சுக் கேட்டுட்டிருந்த.”

“ஆமா.”

“இன்னொண்ணு” என்றார்.

அன்று மாலை முழுக்க அக்கா தைத்தாள். அத்தான் ஜாக்கெட்டுகளைச் சட்டத்தில் இறுக்கிக் கொடுத்தார். தைத்து வந்தவற்றின் பின்பக்கத்தில் தொங்கும் நூலை வெட்டும் வேலை எனக்கு. “வெட்டறதுக்கு முன்னால எது நூல் எது துணின்னு உறுதியா தெரியுதா பாத்துக்கோ” என்றாள் அக்கா. அது கோபம் தணிந்ததற்கான அடையாளம். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு முறை பார்த்து வெட்டினேன். முதலில் தைத்த மீனுக்கு மட்டும் வால் சற்றே சுருங்கியிருந்தது. அதை மேலாளர் பார்வையில் படாதபடி நடுவில் மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை காலை ஜாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தபோது அவள் கையில் இன்னொரு மூட்டை இருந்தது: கிளப்பின் துவாலைகள். அதை மேஜைமேல் போட்டுவிட்டு, “திங்கட்கிழமை சலவைக் கூடத்துல சொல்லிடப் போறேன்” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அத்தான் அவள் முன்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்.

சூழ்நிலை நன்றாக இருக்கிறதே என்று நான் வாயைத் திறந்தேன். “அக்கா, அந்தப் பீப்ப மட்டும் திருப்பிப் போட்டுடட்டுமா? ஒரே ஒரு ‘ஆம்’தான். கொஞ்ச நேரத்துல...”

“அந்த லேப்டாப்புக்கு ரெண்டடி தள்ளி நில்லு.”

நின்றேன். இதை எழுதும்போதும் அங்கேதான் நிற்கிறேன்.

லேப்டாப் அதனால் இன்னும் ஊமைதான். ஆனால் அந்தச் சத்தம் இல்லாமல் அக்காவுக்குக் கை ஓடுவதில்லை; கார்டைச் செருகிவிட்டு ஒரு கணம் தலையைச் சாய்த்துக் காத்திருப்பாள். அடுத்த அறையில் அத்தான் கட்டிலில் படுத்தபடியே, “பீப்” என்பார். சற்று விட்டு, “பீப்.” அவள் வேலையைத் தொடங்குவாள்.

எனக்கு இணையம் வேண்டுமானால் நானும் அதே வாயில்தான் இணையக் கார்டைச் செருக வேண்டும். அக்கா பக்கத்தில் இருந்தால் அதற்கு மட்டும் அனுமதி உண்டு. நான் செருகினால் அத்தான் முதல் பீப் சொல்வார். பிறகு தூங்கிவிட்டவர் போலப் பேசாமல் கிடப்பார். இணையம் வந்துவிட்டது என்று திரையில் கண்ணெதிரே தெரியும். இருந்தாலும் இரண்டாவது வரும் வரை நான் எதையும் தொடுவதில்லை.